வெறும் நிமிஷம்

அக்கா இறந்த ஏழாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, உயிரோடு இருந்தபோது சொல்லி முடிக்காத ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள்.

முதலாளியின் மேசைமேல் இருந்த இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்து குரல் வந்தது. முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், பாடங்களில் வழக்கமாக வருகிற அதே வரிசையில். "போகிற இடத்திலெல்லாம் உன்னை உபயோகமுள்ளவளாக ஆக்கிக்கொண்டால், வீடு இல்லையே என்று நீ நிற்க வேண்டியிருக்காது." அக்காவின் குரலேதான். ஒவ்வொரு எழுத்தையும் கழுவித் துடைத்து வைத்தது போன்ற அந்த டீச்சர் சுத்தம், வாக்கியத்தின் முடிவில் குரலைச் சத்தமில்லாமல் கீழே இறக்கி வைக்கிற பழக்கம், எதுவும் குறையவில்லை.

மேசைக்கு எதிரே சின்னவள் நின்றபடி கேட்டாள். அக்காவுக்குத் தங்கை என்பதால் வீட்டில் அவள் சின்னவள். அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பதிவான குரலில் இருமல், தும்மல், நாக்கு உலர்ந்த சத்தம், மூச்சு எல்லாவற்றையும் தையல் தெரியாமல் வெட்டி எடுப்பவள் என்பதால் முதலாளி வைத்த பெயர் அது.

"எப்படி கத்தரி?" முதலாளி நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினார். கெட்டவர் இல்லை. அக்கா போன அன்று மூன்று மாடி ஏறி வீட்டுக்கு ஐஸ் பெட்டி தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "நம்ம டீச்சரோட முப்பத்தேழு பாடத்தையும் மெஷின் கேட்டுச்சாம். இப்ப எதைக் கொடுத்தாலும் அவங்க மாதிரியே பேசுது. முப்பத்தெட்டுல பாக்கியிருந்த வாக்கியத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எப்படியிருக்கு?"

"அவங்கதான்," என்றாள். வேறென்ன சொல்ல.

"ஒரே ஒரு குறை. மூச்சே விட மாட்டேங்குது பாரு. அதான் கேட்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்காம். கொஞ்சம் மூச்சு கொடுத்தா இயற்கையா வரும்னு மெஷின்காரங்க சொல்றாங்க. நாமதான் மூச்சையெல்லாம் வெட்டிட்டோமே!" அவர் சிரித்தார். "நல்லவேளை, தூக்கிப் போடலை. 'உதவாதவை'ல கிடக்கும்ல? நல்ல மூச்சா ஒரு நூறு பொறுக்கிக் கொடு. கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்?"

கூடவே ஒரு தாளையும் நகர்த்தினார். அக்காவின் குரலை இனி வரும் பாடங்களுக்கெல்லாம் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று அதில் இருந்தது. அக்காவுக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை. நெருங்கிய சொந்தம் என்று கையெழுத்துப் போட சின்னவளைத் தவிர யாரும் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றார். "டீச்சர் இருந்தா அவங்களே சந்தோஷமா போட்டிருப்பாங்க."

போட்டிருப்பாள்தான். அதுதான் சின்னவளைக் குத்தியது.

*

அவர்கள் வேலை இதுதான். போனில் கேட்டு ஆங்கிலம் கற்றுக்கொள்கிற நாற்பது பாடங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு சாதாரண வார்த்தை. அதற்குப் பத்து வாக்கியங்கள். குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும், அர்த்தம் சொல்லும், பிறகு நான்கு விநாடி சும்மா இருக்கும். அந்த நான்கு விநாடியில் கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சும்மா என்றால் வெறும் சும்மா இல்லை. சத்தமே இல்லாமல் விட்டால் காதில் குழி விழுந்தது போல இருக்கும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பதிவின் முடிவிலும், பேசியவர் அதே நாற்காலியில் ஆடாமல் அசையாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அறையின் சத்தம் மட்டும் பதிவாகும். அதற்கு 'வெறும் நிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கே எதை வெட்டினாலும் அந்த ஓட்டையை இதை வைத்து ஒட்டுப் போடுவார்கள். அக்காவின் முதல்நாள் வெறும் நிமிஷம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. வகுப்பில் தேர்வுக் கண்காணிப்புக்கு நின்ற முப்பது வருடப் பழக்கம். பிறகு வேறு எடுக்கவே இல்லை. முப்பத்தேழு பாடங்களின் நான்கு விநாடிகளும் அந்த ஒரு நிமிடத்தின் துண்டுகள்தான்.

வெட்டியதை அழிக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். வெட்டிய ஒவ்வொரு துண்டும் தேதியோடு 'உதவாதவை' என்ற கோப்புறைக்குத் தானாகப் போய்விடும்.

அக்காவை இந்த வேலைக்கு அழைத்து வந்தவள் சின்னவள்தான். அத்தான் போனபின், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக அக்கா இவர்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் வாரம் சின்னவளின் கணவர் சொன்ன வார்த்தை அவளுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணி இருக்கறது நமக்கும் உபயோகமாத்தான் இருக்கும்." நல்ல மனதோடு சொன்னது. சமையலறையில் நின்ற அக்கா காதில் அது விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது துணி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது, சாப்பாட்டு டப்பாக்கள் மூடி போட்டு வரிசையில் நின்றன, ஆறு மாதமாகச் சொட்டிய குழாய்க்கு அக்கா துணி சுற்றியிருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அக்கா சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டிவி பார்க்கும்போதும் மடியில் பிரிக்கவோ மடிக்கவோ ஏதாவது இருக்கும். அவள் உடையின் ஓரத்தில் எப்போதும் நாலைந்து துணிக் கிளிப்புகள் கவ்விக்கொண்டிருக்கும். ஏழு மாதமாகியும் சின்னவள் அலமாரியைத் திறந்தால் எங்கிருந்தோ ஒரு கிளிப் தரையில் விழுகிறது.

கிளிப்பைக் கையில் பிடித்தபடிதான் விழுந்தாள். காலை ஏழேகால். கொடியில் பாதித் துணி.

"இதயம் ரொம்ப நாளா தளர்ந்திருக்கு," என்றார் டாக்டர். "ஒரு வருஷமாவது மூச்சு வாங்கியிருக்கணுமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"இல்லை," என்று சின்னவள் சொன்னாள்.

 

*

அன்று மாலை கணவரிடம் தாளைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"போட்டுடேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"செத்துப்போனவங்களை வேலை வாங்கற மாதிரி இல்ல?"

"அப்படி ஏன் எடுத்துக்கறே? அண்ணி மத்தவங்களுக்கு உதவணும்னே இருந்தவங்க. எங்கேயோ ஒரு பொண்ணு அவங்க குரலைக் கேட்டு நாலு வார்த்தை கத்துக்கிட்டா, அவங்க ஆத்மா சாந்தியாகும். அலமாரில அவங்க துணியைக்கூட இன்னும் யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கே. எல்லாத்தையும் பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறே?"

தாளை வாங்கி மடித்தாள். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அக்கா இருந்தால் இதே நியாயத்தை இதைவிட நல்ல தமிழில் சொல்லியிருப்பாள்.

உபயோகம் என்கிற அந்த வார்த்தையைப் பற்றி அக்கா ஒரு தரம் பேசியிருக்கிறாள். முப்பத்தெட்டாம் பாடத்தின் வார்த்தை யூஸ்ஃபுல். பதிவுக்கு முன்னால் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சொன்னாள்: "வாலு, இதுக்கும் ஹெல்ப்ஃபுல்லுக்கும் வித்தியாசம் கேட்டா பிள்ளைங்க முழிப்பாங்க. ஹெல்ப்ஃபுல்னா அது அந்த ஆளோட மனசு. யூஸ்ஃபுல்னா அது நம்ம தேவை. கத்தியைச் சொல்லலாம், கயிறைச் சொல்லலாம், ஒரு தகவலைச் சொல்லலாம். மனுஷங்களைச் சொல்லும்போது கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லணும். பாராட்டுதான். ஆனா கையில எடுத்துப் பார்த்துட்டுச் சொல்ற பாராட்டு."

சின்ன வயதில் பாவாடையைப் பிடித்துக்கொண்டே பின்னால் திரிந்ததால் அக்காவுக்கு அவள் வாலு. ஐம்பது வயதிலும் வாலுதான்.

"அக்கா, பாடம் எடுக்கற நேரமில்ல. சிவப்பு விளக்கு எரியுது, ஆரம்பி," என்று வாலு சொன்னாள்.

*

வியாழக்கிழமை மதியம் அவள் பதிவறைக்குப் படியேறினாள். இரண்டாம் மாடி. முதல் திருப்பத்தில் ஜன்னலோரம் ஒரு சிமென்ட் திட்டு. இழவுக்கு வந்திருந்தபோது அலுவலகக் காவலாளி அவளிடம், ஆறுதலாக நினைத்து, சொன்ன விஷயம் அது: "டீச்சரம்மா பொறுப்பானவங்கம்மா. பதிவு பத்து மணின்னா ஒன்பதரைக்கே வந்து அந்தத் திட்டுல உக்காந்திருப்பாங்க. கடைசிப் பத்து நிமிஷத்துலதான் மேல போவாங்க." அன்று அது அவளுக்கு அர்த்தமாகவில்லை. இன்று திட்டைக் கடக்கும்போது கால் தானாக ஓரம் ஒதுங்கியது, உட்கார்ந்திருப்பவர் முழங்காலில் இடித்துவிடாமல் போகிற மாதிரி.

கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'உதவாதவை'யைத் திறந்தாள். தேதி வாரியாக அடுக்கினாள்.

மூச்சுகள். ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் பேச்சு இல்லாமல், வெறும் மூச்சுகள். முதல் மாதத்தில் நீளமாக, மூக்கு வழியாக, தண்ணீர்ப் பானையில் குவளை இறங்குவது போல நிறைந்து வந்தன. நான்காம் மாதத்தில் வாய் வழியாக வரத் தொடங்கின. எட்டாம் மாதத்தில் வாக்கியத்துக்கு ஒன்று போய், கால்புள்ளிக்கு ஒன்று. பிறகு கால்புள்ளிக்கும் காத்திருக்கவில்லை. வார்த்தைக்கு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன விசில், கதவிடுக்கில் காற்று நுழைவது போல.

இவை எதுவும் அவளுக்குப் புதிதில்லை. இதுதான் அவளை நாற்காலியோடு அறைந்தது. ஒவ்வொன்றையும் அவள் பார்த்திருக்கிறாள். திரையில் பெரிதாக்கி, இடது ஓரம் எங்கே, வலது ஓரம் எங்கே என்று மயிரிழை சுத்தமாகக் குறித்து, வெட்டியிருக்கிறாள். இந்த உலகத்தில் அக்காவின் மூச்சை அவளைவிட நெருக்கமாகக் கவனித்தவர் யாரும் கிடையாது. வேலை கூடிவிட்டது என்று அலுத்துக்கொள்ளும் அளவுக்குக் கவனித்திருக்கிறாள். 'இல்லை' என்று டாக்டரிடம் சொன்னது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

இடையிடையே அவள் குரலும் வந்தது. தடுப்புக்கு இப்பாலிருந்து பொத்தானை அழுத்திப் பேசுகிற, அவசரமான, நல்ல மனுஷியின் குரல். "அக்கா, மூச்சு விழுது. மறுபடி." "அக்கா, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி மூச்சு விடேன்." "அக்கா, அடக்கிக்கோ, ஒரு வாக்கியம்தானே." ஒவ்வொன்றுக்கும் பிறகு அக்கா: "சரிம்மா." "ஸாரிம்மா, இதோ."

நூறு நல்ல மூச்சு பொறுக்க வந்தவள் ஒன்றுகூடப் பொறுக்கவில்லை.

கடைசித் தேதிக்கு வந்தாள். யூஸ்ஃபுல் பாடம். ஒன்பது வாக்கியங்கள் முடிந்து, பத்தாவது மட்டும் முடியாமல் போன நாள். நீளமான வாக்கியம் அது. நான்கு முறை முயன்று, நான்கு முறையும் 'வீடு' என்கிற இடத்தில் அக்காவுக்குக் காற்று தீர்ந்துபோனது.

"வாலு, இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாமா?"

"புத்தகத்துல இருக்கறது அப்படித்தான்க்கா. இரு, எனக்கு ஒரு போன் வருது. ரெண்டு நிமிஷம், வந்துடறேன்."

கதவு திறந்து மூடும் சத்தம். அதற்குப் பிறகு நீளமாக ஒரு துண்டு இருந்தது. திரையில் அதன் அலை மிகத் தாழ்வாக, எறும்பு வரிசை போல ஓடியது. தாளில் இல்லாத பேச்சு என்று கண்ணாலேயே பார்த்து, காதில் வாங்காமல் வெட்டியிருக்கிறாள். இரண்டு வருடத்தில் அப்படி எத்தனையோ வெட்டியிருக்கிறாள். அனுபவமுள்ள கத்தரிக்குக் கேட்டுப் பார்க்கத் தேவையில்லை.

இன்று கேட்டாள்.

முதலில் மூச்சு. பிறகு, மைக் ஓடுகிறது என்று தெரியாமல் அக்கா தனக்குள் பேசினாள்.

"வாலு, எனக்கு மூச்சு வாங்குதும்மா. ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா?" நிறுத்தினாள். "ச்சே. பிச்சை கேட்கற மாதிரி இருக்கு."

மறுபடி, சிரிப்பாக: "ஏய் வாலு, உன் அக்காவுக்கு வயசாயிடுச்சுடி. வண்டியை ஒரு தரம் மெக்கானிக்கிட்ட காட்டணும்." நிறுத்தினாள். "இதுக்குச் சிரிச்சுட்டுப் போயிடுவா."

மூன்றாவது முறை குரலை இறக்கி, பாடம் சொல்லும்போது வருகிற அதே தெளிவோடு, தட்டில் வைத்து நீட்டுவது போலச் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்கு. இன்னிக்கு என்கூட வா."

பிறகு நிறுத்தினாள். பழக்க தோஷம், பாடத்தில் விடுகிற மாதிரியே, நான்கு விநாடி. பதிலுக்கு இடம் விட்டு.

அந்த நான்கு விநாடி முடிகிறபோது கதவு திறந்தது. சின்னவளின் குரல்: "ஸாரிக்கா, முதலாளிதான். ஆரம்பிக்கலாமா?"

"ஒண்ணுமில்ல, ஆரம்பிக்கலாம்," என்றாள் அக்கா. எதுவும் கேட்காதபோதே அந்த 'ஒண்ணுமில்ல'.

*

வெள்ளிக்கிழமை காலை தாளைக் கையெழுத்தில்லாமல் முதலாளியின் மேசைமேல் வைத்தாள்.

"என்ன கத்தரி?"

"முடியாது ஸார்."

"ஏன்? காரணம் சொல்லு. நான் என்ன தப்பான காரியமா கேட்டேன்?"

"தப்பில்லை. அவங்க உபயோகமா இருந்தது போதும்னு தோணுது."

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "அப்ப முப்பத்தேழு பாடமும் டீச்சர் குரல், மிச்சம் மூணு யாரு? நீயா பேசுவே? உன் குரல்ல கத்தரி சத்தம்தானே வரும்?"

"நானே பேசறேன். மூச்சோட பேசறேன். யாரும் வெட்ட வேண்டாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் இன்னொரு பழமொழி சொல்லியிருப்பார். தாளை எடுத்து இழுப்பறையில் போட்டார். "மெஷின்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். மூச்சு?"

"கொடுக்க மாட்டேன்."

"அழிச்சிடப் போறியா?"

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

பதிவறைக்குப் போய் மறுபடி அந்தக் கடைசித் துண்டை வைத்தாள். "இன்னிக்கு என்கூட வா." நான்கு விநாடி. அவள் வாயைத் திறந்தாள். கதவு திறந்தது. "ஸாரிக்கா, முதலாளிதான்." மறுபடி வைத்தாள். இந்த முறை தயாராக இருந்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கதவு திறந்தது. பத்துத் தடவை கேட்டும் அவள் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவளே குறுக்கே வந்து நின்றாள், நல்ல மனுஷியாக, அவசரமாக.

பதினோராவது தடவை அவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். நான்கு விநாடிக்குப் பின்னால், கதவுக்கு மயிரிழை முன்னால், குறியை வைத்து வெட்டினாள். கதவையும் தன் குரலையும் வலப்பக்கம் தள்ளினாள். திரையில் ஒரு குழி விழுந்தது. முதல்நாள் கோப்பைத் திறந்து, இரண்டரை வருடத்துக்கு முன்னால் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்த வெறும் நிமிஷத்தை எடுத்து, அந்தக் குழியில் வைத்தாள். தையல் தெரியவில்லை. இன்னொரு முறை வைத்தாள். பிறகு இன்னொரு முறை. கதவு திரையின் ஓரத்தைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

ஓடவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு. இன்னிக்கு என்கூட வா."

நான்கு விநாடி போயிற்று. கதவு திறக்கவில்லை. அறை இருந்தது. அறைக்குள் அக்கா இருந்தாள். முதல்நாள் அக்கா, நல்ல மூச்சு உள்ளவள், எவ்வளவு அடக்கியும் மைக்குக்குத் தப்பாமல் மிக மெல்லியதாக ஏறி இறங்கும் ஒரு மூச்சு. எந்த வேலையும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்த ஒரே நிமிடம் அது. கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி காலியாக இருந்தது. சின்னவள் நாற்காலியைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்க்கா," என்றாள். சத்தம் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுசாக, திருப்பிச் சொன்னாள். "வர்றேன்க்கா. செருப்பைப் போட்டுக்கோ. இப்பவே போலாம்."

அந்தப் பக்கத்திலிருந்து அவசரம் ஏதும் தெரியவில்லை. மூச்சு ஏறியது, இறங்கியது. குறி திரையில் மெல்ல ஊர்ந்து, எங்கோ வலப்பக்கம் காத்திருக்கும் கதவை நோக்கிப் போனது. அது நெருங்குவதற்குள் அவள் கை தானாக எழுந்து, இன்னொரு நிமிஷத்தை எடுத்து ஒட்டியது.